எத்தனை பாயிண்ட்? ஹீமோகுளோபின் கடந்து வந்த பாதை

"ரத்தம் எத்தனை பாயிண்ட் இருக்காம்?" ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் கர்ப்பிணிப் பெண்ணை வாசலிலேயே நிறுத்திக் கேட்கிற கேள்வி இது. பன்னிரண்டு என்றால் வீடு நிம்மதியாகிவிடும். எட்டு, ஒன்பது என்றால் அன்றைக்கே முருங்கைக்கீரை ஆயத் தொடங்கிவிடுவார்கள். பேரீச்சம்பழமும் கறுப்புத் திராட்சையும் வந்து சேரும். கறி சாப்பிடுகிற வீடானால் ஞாயிற்றுக்கிழமைக்குச் சுவரொட்டி வேண்டுமென்று கடைக்காரரிடம் சொல்லி வைப்பார்கள். 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்ற கணக்குதான் அந்தப் பாயிண்ட்.

எவ்வளவு இருக்கிறது என்று கேட்க நாம் நன்றாகப் பழகியிருக்கிறோம். எந்த வகை ஹீமோகுளோபின் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் இந்தப் புரதத்தின் வரலாறு நெடுக, பெரிய திருப்பங்கள் எல்லாம் அந்த இரண்டாவது கேள்வியில்தான் பிறந்திருக்கின்றன. இந்தப் புரதத்தின் கதை போகாத ஊர் இல்லை: ஜெர்மனியின் கோட்டை, ரஷ்யாவின் மருந்துக்கடை, சிகாகோவின் மருத்துவமனை, கென்யாவின் கடற்கரை, டெஹ்ரான், நம் நீலகிரி.

முதலில் இரும்பு. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியின் பொலோனா நகரில் வின்சென்சோ மெங்கினி என்ற மருத்துவர் ரத்தத்தைக் காயவைத்து எரித்து, அந்தச் சாம்பலின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனார். துகள்கள் எழுந்து ஒட்டிக்கொண்டன. மனித உடலுக்குள் இரும்பு ஓடுகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டிய அந்தச் சோதனையை இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னாலும் வாய் பிளப்பார்கள். ஆனால் அந்த இரும்பு எதற்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது மெங்கினிக்குத் தெரியாது. அது தெரிய இன்னும் நூறு ஆண்டு ஆயிற்று. வழிகாட்டியது ஒரு மண்புழு.

1840இல் ஃபிரெடரிக் லுட்விக் ஹ்யூனஃபெல்ட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மண்புழு ரத்தத்தை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே காயவிட்டிருந்தார். தகட்டில் கூர்மையான விளிம்புகள் கொண்ட சிவப்புப் படிகங்கள் விளைந்திருந்தன. உப்பும் சர்க்கரையும் படிகமாவதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். உயிருள்ள உடலின் புரதம் ஒன்று படிகமாக நிற்பது புதிது. மண்புழுவுக்குச் சிவப்பணுக்கள் கிடையாது. அதன் ஹீமோகுளோபின் ரத்த நீரிலேயே கரைந்து மிதக்கிறது. உடைக்க உறை எதுவும் இல்லாமல் கைக்குக் கிடைத்த சரக்கு அது.

அதன்பின் ஐரோப்பாவின் ஆய்வகங்களில் ரத்தப் படிகம் வளர்ப்பது ஒரு மோகமாகவே பரவியது. நாய், குதிரை, பன்றி, மீன் என்று எதன் ரத்தம் கிடைத்தாலும் காயவைத்துப் பார்த்தார்கள். 1909இல் பிலடெல்ஃபியாவில் ரெய்சர்ட், பிரவுன் என்ற இருவர் நூறுக்கும் மேற்பட்ட விலங்குகளின் படிகங்களைப் படம் பிடித்துப் பெரிய நூலாகவே வெளியிட்டார்கள். படிகங்களின் வடிவம் விலங்குக்கு விலங்கு வேறுபட்டது. பெயர் ஒன்றுதான், சரக்கு பல வகை என்பதற்கு அதுவே முதல் பெரிய சாட்சி. யாரும் அதை மனித நோயோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

பெயர் வைத்தவர் ஃபெலிக்ஸ் ஹோப்பெ-சைலர். ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் குன்றின்மேல் நிற்கும் பழைய கோட்டைக்குள் அவருடைய ஆய்வகம் இருந்தது. ரத்தத்தின் வழியாக ஒளியைச் செலுத்தி, எந்த நிறங்கள் விழுங்கப்படுகின்றன என்று பதிவு செய்து, 1864இல் அந்தப் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயரிட்டார். அதே ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற கணித அறிஞர், ஆக்சிஜனை எடுத்துவிட்டால் அந்தப் பொருளின் நிறம் கருஞ்சிவப்பாகிறது, காற்றோடு குலுக்கினால் பளிச்சென்று திரும்புகிறது என்று காட்டினார். ஆக்சிஜனை ஏற்றி இறக்கும் வேலையை நிறத்தின் மூலம் கண்டுபிடித்த விதம் இன்றும் ரசிக்கத்தக்கது. இப்போது விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இந்த நிற வித்தியாசத்தைத்தான் படிக்கிறது. ட்யூபிங்கன் கோட்டைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஹோப்பெ-சைலரிடம் வேலை கற்க வந்த ஃபிரெடரிக் மீஷர் 1869இல் டிஎன்ஏவை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் அங்கேதான். புரதமும் அதன் கட்டளைச் சுருளும் ஒரே கூரையின் கீழ் அறிமுகமாகியிருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள உறவு தெரிய இன்னும் ஏறத்தாழ 90 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக்சிஜனை ஏற்றினால் போதுமா, தேவையான இடத்தில் இறக்கவும் வேண்டுமே? 1904இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் அதற்கு விடை சொன்னார். உழைக்கும் தசை கரியமில வாயுவை வெளிவிடும். அந்த வாயு கூடக்கூட ஹீமோகுளோபினின் பிடி தளர்ந்து ஆக்சிஜன் இறங்கிவிடும். எங்கே தேவை அதிகமோ அங்கே தானாகவே இறக்கம். அப்போது அவருடைய மகன் நீல்ஸ் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் அணுவின் அமைப்பை விளக்கி உலகப் புகழ் பெற்ற நீல்ஸ் போர் அவர்தான்.

பெயர் கிடைத்தவுடன் அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. 1878இல் லண்டனின் வில்லியம் கவர்ஸ் ஒன்று செய்தார். 1902இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹெர்மன் சாலி அதைத் திருத்தினார். சாலியின் கருவி நம் ஊர் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது. கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் அடிக்கோடு வரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்ற வேண்டும். விரலைக் குத்தி, மெல்லிய பிப்பெட்டில் 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தை உறிஞ்சி அதில் விட வேண்டும். கலக்கினால் சிவப்பு மறைந்து தேநீர்ப் பழுப்பாகும். பத்து நிமிடம் பொறுத்து, இருபுறமும் உள்ள பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்குச் சமமாகும் வரை வாலை வடிநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நீர்மட்டம் நிற்கும் கோட்டைப் படித்தால் அதுதான் பாயிண்ட். ஒரு சொட்டு கூடிவிட்டால் அரைப் பாயிண்ட் தப்பும். ஆளுக்கு ஆள் கண்ணும் வேறுபடும். ஆனாலும் மின்சாரமே இல்லாத ஊரில் லட்சக்கணக்கான தாய்மார்களின் ரத்தசோகையைப் பிடித்துக் கொடுத்தது இந்தக் கருவி. அதற்கு ஒரு சிலை வைத்தாலும் தகும். அளவைக் கேட்கும் பழக்கம் நம் வீடுகளுக்குள் வந்ததற்கு அதன் பங்கு பெரிது.

அளவு குறைகிறது என்று தெரிந்ததும் வியாபாரிகள் விழித்துக்கொண்டார்கள். 1890இல் சூரிக் நகரில் டாக்டர் அடோல்ஃப் ஹொம்மெல் மாட்டு ரத்தத்திலிருந்து ஒரு டானிக் தயாரித்து ஹேமடோஜென் என்று விற்றார். வெளுத்த குழந்தைகள், சோர்ந்த தாய்மார்கள், காய்ச்சலில் எழுந்தவர்கள் எல்லோருக்கும் அது மருந்து என்றன விளம்பரங்கள். சரக்கு ஓடியது. உடனே நகல்களும் கிளம்பின. டாக்டர் ஹொம்மெல் பெயரைப் பார்த்து வாங்குங்கள் என்று வாடிக்கையாளர்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பண்டம் ரஷ்யாவுக்குள் நுழைந்தபின் அதன் கதையே மாறிவிட்டது. 1920களில் சோவியத் அரசு அதைத் தானே தயாரிக்கத் தொடங்கியது. மாட்டு ரத்தத்தோடு சர்க்கரையும் கெட்டிப்பாலும் சேர்ந்து அது மிட்டாய்க் கட்டியாகியது. இன்றும் ரஷ்ய மருந்துக்கடைகளில் சாக்லேட் போலச் சுற்றிய ஹெமடோஜென் கிடைக்கிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அதைக் கடித்துக்கொண்டே வளர்ந்திருக்கிறார்கள்.

இந்தியாவிலும் கசாப்புக்கூட ரத்தத்திலிருந்து எடுத்த ஹீமோகுளோபின் கலந்த சிரப்புகள் வெகுகாலம் விற்றன. சைவக் குடும்பங்கள் பல அது தெரியாமலேயே குடித்தன. 2000இல் மத்திய அரசு இந்தக் கலவைகளைத் தடை செய்தது. வாயால் குடிக்கும் ஹீமோகுளோபின் அப்படியே ரத்தத்தில் சேராது. வயிறும் குடலும் அதை உடைத்துவிடும். மிஞ்சி உதவுவது அதன் நடுவிலுள்ள இரும்புதான். கீரை இரும்பைவிட அந்த இரும்பு எளிதாக உடலில் ஏறும் என்பது உண்மை. ஆட்டு ரத்தப் பொரியலையும் சுவரொட்டியையும் பரிந்துரைத்த நம் பாட்டிமார்கள் அந்த வகையில் சரியாகத்தான் சொன்னார்கள்.

இதுவரை எல்லாம் அளவின் கதை. வகையின் கதை 1904 டிசம்பரில், சிகாகோவில் ஒரு மருத்துவமனைப் படுக்கையில் தொடங்குகிறது. கரீபியன் கடலிலுள்ள கிரெனடா தீவிலிருந்து பல்மருத்துவம் படிக்க வந்த வால்டர் கிளமென்ட் நோயல் என்ற இளைஞர் இருமலும் மூச்சுத்திணறலுமாக வந்து சேர்ந்தார். பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயன்ஸ் அவருடைய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களுக்கு நடுவே கதிர் அரிவாள் போல வளைந்து நீண்டவை கிடந்தன. மூத்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் அவரைத் தொடர்ந்து கவனித்து 1910இல் கட்டுரை எழுதினார். நோயல் படிப்பை முடித்து ஊர் திரும்பி, கிரெனடாவின் தலைநகரில் பல்மருத்துவராகத் தொழில் செய்தார். 1916இல், 32 வயதிலேயே இறந்துபோனார். அரிவாள் செல் சோகை என்ற நோயின் முதல் பதிவு அவர். அந்த வலியோடு அவர் பட்டம் வாங்கினார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

அந்த நோயின் வேரைத் தொட்ட கதை ஒரு ரயில் பயணத்தில் தொடங்குகிறது. 1945இல் வேதியியல் மேதை லைனஸ் பாலிங், வில்லியம் காசில் என்ற மருத்துவரோடு ரயிலில் பேசிக்கொண்டு போனார். அரிவாள் செல்கள் சிரை ரத்தத்தில், அதாவது ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தில்தான் வளைகின்றன என்று காசில் சொன்னதும் பாலிங் பிடித்துக்கொண்டார்: அப்படியானால் குற்றம் செல்லில் இல்லை, ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீமோகுளோபினில் இருக்க வேண்டும். அதைச் சோதிக்கும் பொறுப்பு ஹார்வி இடானோ என்ற இளம் மருத்துவருக்கு வந்தது. இடானோ கலிஃபோர்னியாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். 1942இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதல் மாணவராகத் தேர்ந்தார். பதக்கம் வாங்க மேடைக்கு வர முடியவில்லை. போர்க்காலத்தில் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தவரை அமெரிக்கா முகாமில் அடைத்திருந்தது. முகாமிலிருந்து வெளியே வந்து மருத்துவம் முடித்த அதே இளைஞர், நோயாளியின் ஹீமோகுளோபினையும் இயல்பான ஹீமோகுளோபினையும் மின்புலத்தில் ஓடவிட்டார். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓடின. நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்களிடம் இரண்டு வகையும் கலந்திருந்தன. 1949இல் வெளியான அந்தக் கட்டுரைதான் ஒரு நோயின் காரணத்தை ஒரே மூலக்கூறில் சுட்டிக்காட்டிய முதல் கட்டுரை.

அதே 1949இல் ஆப்பிரிக்காவில் இன்னொரு இளைஞர் கையில் ரத்தக்குழாய்களோடு அலைந்துகொண்டிருந்தார். கென்யாவில் வளர்ந்த அந்தோனி ஆலிசன் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களின் ஆய்வுப் பயணத்தில் போயிருந்தார். இனக்குழுக்களுக்கு இடையே ரத்தப்பிரிவு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதே நோக்கம். கண்ணில் பட்டது வேறு. கடற்கரையிலும் விக்டோரியா ஏரியைச் சுற்றியும் நூறு பேரில் இருபது முப்பது பேர் அரிவாள் செல் மரபணுவைச் சுமந்தார்கள். குளிர்ந்த மலைப்பகுதியில் ஏறக்குறைய யாருமே இல்லை. கொசு இருக்கும் இடமெல்லாம் மரபணு, இல்லாத இடத்தில் இல்லை. மலேரியா! 1954இல் அவர் நிறுவியது இது: ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்ற குழந்தைக்குக் கொடிய மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற குழந்தை அரிவாள் செல் நோயால் வாடுகிறது. ஒரு பிள்ளையைக் காப்பாற்றும் அதே மாற்றம் இன்னொரு பிள்ளையை வதைக்கிறது. மருத்துவ வரலாற்றில் இதற்கு ஈடான கண்டுபிடிப்புகள் மிகச் சிலவே என்பது என் எண்ணம்.

நீலகிரி கதைக்குள் வருவது இங்கே. ஜெர்மனியிலிருந்து அகதியாக இங்கிலாந்துக்குத் தப்பி வந்த ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்பவரோடு சேர்ந்து 1952இல் தென்னிந்தியாவில் அரிவாள் செல் மரபணு இருப்பதை அறிவித்தார். ஆப்பிரிக்கர்களின் நோய் என்று நம்பியிருந்ததை அவர்கள் கண்டது நீலகிரியின் இருளர், குறும்பர் போன்ற பழங்குடிகளிடம். அதே ஆண்டு மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் வேறு மருத்துவர்கள் கண்டார்கள். பின்னர் மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், குஜராத், ஒடிசா என்று பழங்குடிகள் வாழும் பரந்த நிலப்பட்டையிலும் தென்பட்டது. காட்டோரம், மலையடிவாரம், மலேரியாக் காய்ச்சல் ஓயாத ஊர்கள்.

இந்த மரபணு அரேபியாவில் பிறந்து கிழக்கேயும் மேற்கேயும் பரவியிருக்கலாம் என்று லேமன் கருதினார். 1980களில் மரபணுவைச் சுற்றியுள்ள தடங்களைப் படிக்க முடிந்தபோது, இந்திய நோயாளிகளும் சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையோர நோயாளிகளும் ஒரே தடத்தைச் சுமப்பது தெரிந்தது. அதற்கு அரேபிய-இந்திய வகை என்றே பெயர். அரபிக்கடலின் இரு கரைகளையும் இணைத்தவற்றில் மிளகும் முத்தும் குதிரையும் நமக்குத் தெரியும். இந்த மரபணுவும் அந்தப் பட்டியலில் சேரும். இந்த வகைக்காரர்களுக்குச் சராசரியாக நோய் சற்று மிதமாக இருக்கும் என்று பாடநூல்கள் சொல்வதுண்டு. அதை நம்பி இந்திய நோயாளிகளைப் பல காலம் அலட்சியமாக விட்டது தவறு. மத்திய இந்தியாவில் கடும் வலியோடு மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப வரும் குழந்தைகள் ஏராளம்.

கேம்பிரிட்ஜில் 1956இல் வெர்னன் இங்கிராம், ஆலிசன் கொண்டுவந்து கொடுத்திருந்த ரத்தத்தின் ஹீமோகுளோபினைத் துண்டு துண்டாக வெட்டித் தாளில் பரப்பினார். ஒரே ஒரு துண்டு மட்டும் இடம் மாறி நின்றது. பீட்டா சங்கிலியின் 6ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். ஹீமோகுளோபின் மூலக்கூறின் நான்கு சங்கிலிகளில் மொத்தம் 574 அமினோ அமிலங்கள். அவற்றில் ஒவ்வொரு பீட்டாவிலும் ஒன்று என, இரண்டே மாற்றம். அது போதும், ஆக்சிஜன் இறங்கியவுடன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நாராகத் திரிந்து சிவப்பணுவையே வளைத்துவிடும்.

அதே ஆய்வகத்தில் இன்னொருவர் 1937இலிருந்து குதிரை ஹீமோகுளோபின் படிகத்தை எக்ஸ்ரே கதிரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வியன்னாவில் பிறந்த மாக்ஸ் பெருட்ஸ். பிராக் நகரில் இருந்த உறவினர் ஃபெலிக்ஸ் ஹௌரோவிட்ஸ்தான் அவரை இந்த வேலைக்குத் தூண்டினார். ஹௌரோவிட்ஸ் ஒருநாள் ஆக்சிஜன் இல்லாத ஊதா நிறப் படிகங்களை நுண்ணோக்கியில் பார்த்திருந்தபோது மூடிக்கண்ணாடியின் ஓரம் வழியே காற்று புகுந்துவிட்டது. படிகங்கள் கரைந்து, வேறு வடிவில் செந்நிற ஊசிகளாக மீண்டும் எழுந்தன. ஆக்சிஜன் ஏறும்போது இந்த மூலக்கூறு உருவம் மாறுகிறது என்பதற்குக் காற்றுக் கசிவே சான்றாயிற்று. 1940இல் பிரிட்டன் பெருட்ஸை எதிரி நாட்டான் என்று பிடித்துக் கனடாவுக்குக் கப்பலேற்றியது. கடலின் இருபுறமும் இரு அரசுகள் சந்தேகப்பட்டு அடைத்து வைத்த இடானோவும் பெருட்ஸும் ஒரே புரதத்தின் இரு பெரிய ரகசியங்களைத் திறந்தவர்கள். 22 ஆண்டு உழைப்புக்குப் பின் 1959இல் பெருட்ஸ் அதன் முழு உருவத்தையும் கண்டார். 1962இல் நோபல் பரிசு.

அதற்குள் புது வகைகள் குவிந்துகொண்டிருந்தன. எஸ், சி, டி, இ என்று ஆங்கில எழுத்துகளால் பெயர் வைத்தார்கள். எழுத்துகள் தீர்ந்துபோனதும் கண்டெடுத்த ஊரின் பெயரைச் சூட்டினார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் இடானோ கண்ட டி வகை, பஞ்சாப் மக்களிடம் பரவலாக இருப்பது பின்னர் தெரிந்தது. இன்று அது டி-பஞ்சாப் என்றும் டி-லாஸ் ஏஞ்சலிஸ் என்றும் இரட்டைப் பெயரோடு உலவுகிறது. ஜமைக்காவின் கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் வட்டாரத்தில் ஒரு சீனக் குடும்பத்தில் கண்டது அவ்வட்டாரத்தின் பெயரால் தென்கிழக்கு ஆசியா முழுவதும் அறியப்படுகிறது. இன்று பதிவான வகைகள் ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவை எந்தத் தொல்லையும் தருவதில்லை.

வகை தேடும் வேட்டையில் சிக்கிய பெரிய பரிசு 1968இல் டெஹ்ரானில் கிடைத்தது. சாமுவேல் ரஹ்பர் என்ற மருத்துவர் பல்கலைக்கழக மருத்துவமனை நோயாளிகளின் ரத்தத்தில் அபூர்வ ஹீமோகுளோபின்களைத் தேடிக்கொண்டிருந்தார். சிலருடைய மாதிரிகளில் வழக்கமில்லாத ஒரு பட்டை தெரிந்தது. புது மரபு வகை என்று நினைத்து நோயாளிகளின் குறிப்பேடுகளைப் புரட்டினால், அவர்களுக்குச் சர்க்கரை நோய். மேலும் பல சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். எல்லோரிடமும் அதே பட்டை. அது பிறவியில் வந்த வகை இல்லை. ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை தானாகவே போய் பீட்டா சங்கிலியின் நுனியில் ஒட்டிக்கொண்டதால் உண்டானது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதனால் அந்தச் சர்க்கரைப் பூச்சு மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும். 1970களில் நியூயார்க்கில் அந்தோனி செராமி, ரொனால்ட் கோனிக் முதலியோர் அதைச் சர்க்கரைக் கட்டுப்பாட்டின் அளவுகோலாக்கினார்கள். 2011இல் உலக சுகாதார நிறுவனம் 6.5 சதவீதத்தை நோயறியும் எல்லையாக ஏற்றது. ஈரானியப் புரட்சிக்குப்பின் ரஹ்பர் அமெரிக்காவில் குடியேறினார். டயபடீஸ் கிளினிக்கில் காலையில் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் 'மூன்று மாதச் சர்க்கரை' என்று சொல்லும் ஹெச்பிஏ1சி அவர் கண்ட அந்தப் பட்டைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் சோகை இருந்தால் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அரிவாள் செல் நோய் போலச் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோயானால் குறைத்துக் காட்டும். நீலகிரியின் கூடலூர் மலையிலிருந்து வரும் பழங்குடி நோயாளியின் ஹெச்பிஏ1சியைப் படிக்கும் மருத்துவர், அவருடைய ஹீமோகுளோபின் எந்த வகை என்பதையும் கேட்டாக வேண்டும்.

வியாபாரிகள் மறுபடியும் வந்தார்கள். ரத்தப் பிரிவு பார்க்காமல் யாருக்கும் ஏற்றக்கூடிய செயற்கை ரத்தத்துக்கு ஹீமோகுளோபினை மட்டும் பிரித்தெடுத்துப் பயன்படுத்தப் பல நிறுவனங்கள் முயன்றன. மாட்டு ஹீமோகுளோபினில் செய்த ஒன்றை 2001இல் தென்னாப்பிரிக்கா அனுமதித்தது. ஆனால் சிவப்பணுவின் உறை இல்லாமல் சுதந்திரமாக ஓடும் ஹீமோகுளோபின், ரத்தக்குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை விழுங்கிவிடுகிறது. குழாய்கள் சுருங்கி, இதயம் பாதிக்கும் ஆபத்து கூடுகிறது. 2008இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று அந்த ஆசைக்குப் பெரிய தடை போட்டது. சுவையான திருப்பம் பிரான்சில் நடந்தது. பிரிட்டனி கடற்கரை மணலில் வளை தோண்டும் புழுவின் ஹீமோகுளோபின், மண்புழுவினுடையதைப் போலவே அணுவுக்குள் அடைபடாமல் கரைந்து வாழப் பழகியது. மாற்று உறுப்புகளை எடுத்துச் செல்லும் திரவத்தில் அதைக் கலந்து சிறுநீரகத்துக்கு மூச்சு கொடுக்கிறார்கள்.

மருந்தின் கதை பச்சிளங்குழந்தைகளிடமிருந்து வந்தது. டோர்பாட் நகரில், அதாவது இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டுவில், 1866இல் எர்ன்ஸ்ட் கோர்பர் என்ற மாணவர் பிறந்த குழந்தையின் ஹீமோகுளோபின் காரத்தால் எளிதில் சிதையவில்லை என்று கவனித்தார். தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுக்கக் கருவுக்குத் தனி வகை ஹீமோகுளோபின் இருக்கிறது. பிறந்த சில மாதங்களில் அது மறைந்து பெரியவர்களின் வகை வந்துவிடும். 1948இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர், அரிவாள் செல் நோயோடு பிறக்கும் குழந்தைகள் முதல் மாதங்களில் நலமாக இருப்பதற்கு அந்தக் கரு வகையே காரணம் என்று சொன்னார். அதை மறையவிடாமல் வைத்திருக்க முடிந்தால்? 1869இல் ஜெர்மனியில் தயாரித்து வெகுகாலம் வேலையின்றிக் கிடந்து, பின் புற்றுநோய்க்குப் பயன்பட்ட ஹைட்ராக்சியூரியா, அந்தக் கரு வகையை மீண்டும் சுரக்க வைக்கிறது என்று 1980களில் தெரிந்தது. 1998இல் அமெரிக்கா அரிவாள் செல் நோய்க்கு அதை அங்கீகரித்தது. காப்புரிமைத் தொல்லை இல்லாத பழைய மருந்து, மாத்திரையாகவே இந்தியாவில் கிடைக்கிறது.

2008இல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கினின் குழு, கரு வகையை மூடிவிடும் சாவியான பிசிஎல்11ஏ என்ற மரபணுவைக் கண்டது. அந்தச் சாவியை வெட்டிச் செயலிழக்கச் செய்யும் மரபணு வெட்டு மருத்துவத்தை 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்தது. உலகில் அந்த வகையில் அனுமதி பெற்ற முதல் மருந்து அது. அடுத்த மாதமே அமெரிக்காவும் அனுமதித்தது. அங்கே ஒருவருக்கு விலை 22 லட்சம் டாலர். நோயல் பிறந்த தீவுக்கும், ஆலிசன் நடந்த கடற்கரைக்கும், லேமன் கண்ட மலைக்கும் அது எட்டாத தொலைவில் இருக்கிறது. இதைச் சாதனை என்று கொண்டாடும்போதே அந்தத் தொலைவையும் சொல்லியாக வேண்டும்.

அதே 2023 ஜூலையில் இந்திய அரசு அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தை மத்தியப் பிரதேசத்தின் ஷாஹ்தோலில் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது திட்டம். 2047க்குள் நோயை ஒழிப்பது இலக்கு. நீலகிரிக்கு இது புதிதில்லை. கூடலூரில் பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகப் பயிற்றுவித்து வளர்ந்த ஆதிவாசி மருத்துவமனை, அரசு இயக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அரிவாள் செல் நோயாளிகளைத் தேடிப்போய்ப் பார்த்து மருந்து கொடுத்து வந்திருக்கிறது.

கிராமத்தில் நடக்கும் முதல் சோதனை மிக எளிது. கரைசல் உள்ள சிறு குழாயில் விரல் ரத்தம் ஒரு சொட்டு. குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடுகள் போட்ட அட்டை. கோடு தெளிவாகத் தெரிந்தால் எஸ் வகை இல்லை. கலங்கி மறைந்தால் இருக்கிறது. அப்படி மறைந்தவர்களின் ரத்தம் பெரிய ஆய்வகத்துக்குப் போகும். அங்கே பல இடங்களில் இன்னும் மின்புலத்தில் ஓடவிட்டுத்தான் பிரிக்கிறார்கள். 1949இல் இடானோ செய்த அதே வேலை, இப்போது மேசைமேல் ஒரு சின்னப் பெட்டியில். பட்டை ஒன்றா இரண்டா என்று பார்த்து, நோயாளியா, சுமப்பவர் மட்டுமா என்று அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். சுமப்பவருக்கு மருந்து எதுவும் வேண்டாம், வேலைக்கும் கல்யாணத்துக்கும் தடை இல்லை. ஆனால் கணவன், மனைவி இருவருமே சுமப்பவர்களானால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அதனால் பெண் பார்க்கப் போகும்போதே அந்த அட்டையையும் எடுத்துப்போகச் சொல்கிறார்கள் செவிலியர்கள்.